காற்று மிச்சம் பிடித்த அரைமணி

"போகும்போது ரெண்டே முக்கால் மணி நேரம், வரும்போது ரெண்டேகால்னு போட்டிருக்கு. தூரம் ஒண்ணுதானே? வரும்போது மட்டும் குறுக்கு வழியா?"

விமானத்தில் பக்கத்து இருக்கை அம்மாள் பயணச்சீட்டை நீட்டிக் கேட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகவே முப்பத்தொரு வருடம் காத்திருந்த மாதிரி முகம் மலர்ந்துவிட்டது.

"தூரம் ஒண்ணுதாம்மா. ஆயிரத்து எண்ணூத்து நாப்பது கிலோமீட்டர். ஆனா மேல, மேற்கேயிருந்து ஓயாம ஒரு காத்து அடிக்குது. இப்ப அதை எதிர்த்துப் போறோம். கீழ இறங்குற நகரும் படிக்கட்டுல மேல ஏறுற மாதிரி. திரும்பி வர்றப்போ அதே காத்து முதுகுல கைவெச்சுத் தள்ளிவிட்டுடும்."

"அடிக்கடி போய் வருவீங்களோ?"

"இதான் முதல் தடவை."

அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் விளக்கினார். விமான நிலையத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, காற்றை வைத்து எரிபொருளும் பயண நேரமும் கணக்குப் போடுவது அவர் வேலை. விமானம் கிளம்பியதும் நேரடித் தொலைபேசியில் மறுமுனைக்குச் சொல்ல வேண்டும். அங்கே அதே வேலை பார்ப்பவள் ஒரு பெண். அவருக்கு அவள் 'மேற்கு'. அவளுக்கு அவர் 'கிழக்கு'. முதல் பத்து வருடம் காற்றைத் தவிர வேறு பேச்சில்லை. பிறகு முழங்கால் வலி, ஒழுகும் கூரை, அவள் கணவன் இறந்தது, இவர் கல்யாணமே செய்துகொள்ளாதது எல்லாம் அந்தக் கம்பி வழியே வந்து போயின. முகம் மட்டும் இருவரும் பார்த்ததில்லை.

நாளையோடு அவருக்கு ஓய்வு. அதன்பின் அந்தத் தொலைபேசி வேறொருவருடையது. அதனால்தான் வேலையில் சேர்ந்தபின் முதல் முறையாக விடுப்பு எடுத்து, அவளிடம் சொல்லாமலே கிளம்பியிருந்தார்.

"போற நேரத்துல அவங்க இருக்கணுமே?"

"அந்த நாற்காலியை விட்டு எங்க போவாங்க? என்னை மாதிரிதான் அவங்களும்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அங்கிருந்து அதே நேரத்துக்குக் கிளம்பிய விமானம் இப்போது எதிரே வர வேண்டும். சரிபாதி வழியில் அல்ல. காற்று தள்ளிவருவதால் அதுதான் அதிக தூரம் வந்திருக்கும் என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஆயிரம் அடி மேலே வெள்ளைக் கோடாக ஒன்று பாய்ந்து மறைந்தது. மேற்கு அனுப்பிய விமானம். கூச்சத்தோடு கை அசைத்தார். எதற்கென்று கேட்காமல் அம்மாளும் அசைத்தாள்.

இறங்கி, விசாரித்து, அந்த அறையைக் கண்டுபிடித்தபோது நாற்காலி காலியாக இருந்தது. முதுகில் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் தொங்கியது.

"மேடம் லீவு சார்," என்றான் அங்கிருந்த அதிகாரி. "எனக்குத் தெரிஞ்சு இதான் முதல் தடவை. எதுக்குன்னு சொல்லலை."

காற்றை, எடையை, தூரத்தைக் கணக்கில் எடுத்தவர் இதை எடுக்கவில்லை. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். தொலைபேசி அடித்தது. கை தானாகப் போய் எடுத்தது.

"கிழக்கு பேசுறேன்," என்றார் பழக்கத்தில்.

மறுமுனையில் அந்தக் குரல் சிரித்தது.

"இன்னைக்கு நான்தான் கிழக்கு. உங்க நாற்காலியிலதான் உக்காந்திருக்கேன். வழியில கீழ ஒரு விமானம் போச்சு. நீங்க அனுப்பினதுதானேன்னு கை காட்டினேன். நீங்களே அதுல இருந்தீங்கன்னு இப்பதான் சொல்றாங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"அங்கேயே இருங்க, நான் வர்றேன். நீங்க வந்தா ரெண்டே முக்கால் மணி நேரம். நான் வந்தா அரைமணி மிச்சம்."