போட்டோவில் இல்லாத குழிகள்

"மொதல்ல மூஞ்சியில இருந்து கைய எடுங்க."

அதட்டல் கேட்டதும் மணிமாறன் கன்னத்துக் கட்டியை நோண்டுவதை நிறுத்தினான். ஃபேர்லேண்ட்ஸ் தோல் ஆஸ்பத்திரி கவுன்டரில், தேய்த்த வெள்ளைச் சட்டையும் தானுமாக நின்று, பெயரையும் புதுச்சத்திரம் என்று ஊரையும் உரக்கச் சொல்லி டோக்கன் வாங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

எதிர் வரிசையில் இருந்த பெண் எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் மாஸ்க், கையில் ஃபைல். நர்ஸ்தான் என்று முடிவு கட்டிவிட்டான்.

"கை தானாப் போகுதுங்க சிஸ்டர். அமுக்கி உட்டா சீழ் வந்துட்டுப் போயிரும்னு பாத்தேன்."

"வெளிய வாரது கொஞ்சந்தான். மீதி தோலுக்குள்ள ஒடஞ்சு பரவும். சுத்தியிருக்கற சதையக் கரைச்சுப் போடும். ஆறுறப்போ சதை பத்தாம குழி உழுந்துரும். ரிக் வண்டியில போயி நீங்க தண்ணிக்குப் போர் போடறீங்களே, அதாட்டந்தான். போட்டா போட்டதுதான்."

மணிமாறன் சிரித்துவிட்டான். சிரித்ததும் கட்டி வலித்தது.

"ஆரம்பத்துல அரிசிக் குருணையாட்டந்தானுங்க இருந்துச்சு."

"தோல்ல ஊறுற எண்ணெய் துவாரத்துல அடைச்சுக்கும். உள்ள கிருமி பெருகி, வீங்கி, ஆழத்துல கட்டியாகும். குருணையா இருந்தப்பவே வந்திருக்கோணும். அப்ப என்ன பூசுனீங்க?"

"மெடிக்கல்ல ஒரு ட்யூப் குடுத்தாங்க. ஒரு வாரம் மூஞ்சி வெளுத்துப் பளபளன்னு இருந்துச்சு. நிறுத்துனதும் மொத்தமாக் கெளம்பீருச்சு."

"அதப் பூசுனவங்கள்ல பாதிப்பேரு இங்கதான் உக்காந்திருக்காங்க. செரி, இத்தன வருசம் உட்டுப்போட்டு இப்ப என்ன அவசரம்?"

மணிமாறன் குரலைத் தாழ்த்தினான்.

"ஞாயித்துக்கிழமை சேந்தமங்கலத்துக்குப் பொண்ணு பாக்கப் போறோமுங்க. எங்கம்மா சொல்லி, ஸ்டுடியோக்காரன் என் போட்டோவுல ஒரு பரு உடாம அழிச்சுட்டான். அதப் பாத்துத்தான் அவங்க வரச் சொல்லியிருக்காங்க."

"பொண்ணு போட்டோ பாத்தீங்களா?"

"பாத்தனுங்க. முட்டை ஓடாட்டம் வழுவழுன்னு இருக்குதுங்க. என்னையப் பாத்ததும் எந்திரிச்சு உள்ள போயிரும். ஏற்கெனவே மூணு எடத்துல அப்படித்தான் ஆச்சு. இதும் போச்சுன்னா எங்கம்மா தாங்காது. நாலு நாள்ல சரியாகற மாதிரி ஊசி ஏதாச்சும் இருக்குங்களா சிஸ்டர்?"

அவள் ஃபைலை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"கட்டி அமுங்கறதுக்கு டாக்டர் ஊசி போடுவாரு. குழி நாலு நாள்ல தூராதுங்க. மாசக்கணக்காகும். அப்பவும் முழுசாப் போகாது."

"அப்ப ஞாயித்துக்கிழமை அந்தப் பொண்ணுகிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

அதற்குள் அவளுடைய டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றவள் மாஸ்க்கைக் கழற்றினாள். இரண்டு கன்னத்திலும் ஆறிப்போன குழிகள்.

"நீங்க... நர்ஸ் இல்லீங்களா?"

அவள் டாக்டர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டே திரும்பினாள்.

"அதான் எல்லாத்தயும் எங்கிட்டச் சொல்லீட்டீங்களே, ஞாயித்துக்கிழமை எங்க ஊட்டுக்கு நேரத்துக்கு வந்து சேருங்க!"