அந்தப் பேரை எடுத்துடும்மா

"அந்தப் பேரை எடுத்துடும்மா. ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது."

பெரியவர் இதைச் சொல்வது நாலாவது தடவை. ஜெயஸ்ரீக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை. ஆதார், பான் கார்டு, பாஸ்போர்ட் என்று காலையிலிருந்து உட்கார்ந்த இடத்தை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை. கரண்ட் போனது, வந்தது. சர்வர் சுற்றியது, நின்றது. அடித்ததையெல்லாம் மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டியதாயிற்று. கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவை இன்னும் திறக்கவில்லை. இதில் இவர் வேறு!

எதிரே உட்கார்ந்திருந்தவள் பூங்குழலி. சிங்கவரத்துப் பெண். முதல் புருஷன் வளவன் தவறிப்போய் நாலு வருஷம் ஆகிறது. போன தை மாசம் மறுகல்யாணம். புதுப் புருஷன் சிவசங்கர் கனடாவில் வேலை பார்க்கிறான். பெண்டாட்டியை அழைத்துக்கொள்ள அங்கே பேப்பர் போட்டிருக்கிறான். இவள் பாஸ்போர்ட்டோ முடியப் போகிறது. புதுப்பித்து அனுப்பினால்தான் விசா நகரும். பழையதில் 'பூங்குழலி வளவன்' என்று இருக்கிறது.

கூட வந்த பெரியவரை அவள் "மாமா" என்று கூப்பிட்டாள். ஓகோ, மாமனாரா, மருமகளைச் சீக்கிரம் மகனிடம் அனுப்பிவைக்கத் துடிக்கிறார் போல என்று ஜெயஸ்ரீ நினைத்துக்கொண்டாள்.

துடிக்கட்டும். அதற்காக இப்படியா?

கையில் இருந்த கவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கல்யாணச் சான்றிதழ், ஆதார், போட்டோ. வளவனின் இறப்புச் சான்றிதழை மட்டும் எங்கோ பார்த்துக்கொண்டே நீட்டினார்.

"ஏம்மா, இந்த எடத்துல இன்னா போட்ற?" கழுத்தை நீட்டி ஸ்கிரீனைப் பார்த்தார்.

"முன்னாடி வேற பேரு இருந்துச்சான்னு கேக்குது. பூங்குழலி வளவன்னு போடணும்."

"அதெல்லாம் போடாத."

"போடலன்னா மறைச்ச மாதிரி ஆயிடும் ஐயா. அப்புறம் விசாவுல இவங்கதான் மாட்டிக்குவாங்க. இது இங்க மட்டும்தான். புது புக்குல பூங்குழலி சிவசங்கர்னுதான் வரும்."

"நெஜமா?"

"நான் இன்னா பொய்யா சொல்றேன்?"

பூங்குழலி தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள். "மாமா, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுதே. பழைய பேரே இருக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்லன்னு கனடாலேந்து அவரே சொன்னாரு இல்ல?"

"இன்னிக்கு சொல்லுவாரு. நாளைக்கு ஒரு சண்டைன்னு வந்தா, ஆம்பளைக்குக் கண்ணு நேரா அந்தப் பேரு மேலதான் போயி நிக்கும். எனக்குத் தெரியாதா? எடுத்துடும்மா நீ."

பூங்குழலி பழைய பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு அதன் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஜெயஸ்ரீ அதை வாங்கிப் புரட்டினாள். ஒரு பக்கத்தில்கூட முத்திரை விழவில்லை.

"எங்கயுமே போவலியாம்மா?"

"துபாய்க்குக் கூட்டிட்டுப் போறேன்னு அவருதான் எடுத்துக் குடுத்தாரு, அக்கா. அதுக்குள்ள அவரே போய்ட்டாரு." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி சரி, அந்தக் கதைல்லாம் இப்ப எதுக்கு? வேலையப் பாருங்க!" பெரியவர் வெடுக்கென்று எழுந்து வாசலுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஜெயஸ்ரீக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீ, என்ன மனுஷன்! செத்தவனை நினைத்து இவள் ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் இவருக்கு என்ன குறைந்துபோகிறது?

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். "பழைய புக்கு இன்னா ஆவும்?"

"மூலையக் கத்திரிச்சு, கேன்சல்னு முத்திரை குத்தித் திருப்பிக் குடுத்துடுவாங்க."

"பூங்குழலி, அதை நீ எடுத்துட்டுப் போவக் கூடாது. எங்கிட்ட குடுத்துடணும். இப்பவே சொல்லிட்டேன்."

அவள் தலையைக் குனிந்தபடியே ஆட்டினாள்.

அவ்வளவுதான். அதையும் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார் போலிருக்கிறது! காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து ஜெயஸ்ரீயின் வாயில் வந்துவிட்டது.

"ஐயா, சொல்றேன்னு கோச்சிக்காதீங்க. உங்க புள்ளையே பழைய பேரு இருக்கட்டும்னு சொல்றாரு. அவருக்கு இல்லாத ஆத்திரம் உங்களுக்கு எதுக்கு? செத்தவரு இன்னா பாவம் பண்ணாரு? அவரையும் யாரோ ஆசை ஆசையாப் பெத்து, பேரு வெச்சு வளத்துருப்பாங்க இல்ல? நீங்க பேசுறத அவங்க கேட்டா வயிறு எரியாது?"

"அக்கா! தெரியாம இன்னான்னாவோ பேசாதீங்க!" பூங்குழலி பதறிப்போய் எழுந்தாள்.

பெரியவர் கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார். தானும் ஸ்டூலில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். கோபம் இருக்கும் என்று ஜெயஸ்ரீ எதிர்பார்த்தாள். அந்த முகத்தில் அசதிதான் இருந்தது.

"கனடாவுல இருக்கிறவருக்கு நான் ஒறவே இல்லம்மா," என்றார். "செத்தவன்தான் எம் புள்ள."