ஏரிக்கரைப் பாதைக்கு ஒரு கையெழுத்து

திருமுல்லைவாயிலில் அந்தப் பச்சை கேட் வீட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் டேனி குடித்த டீக்குக் கணக்கே இல்லை. சில நாளாகவே அவன் கண் அந்த கேட்டை விட்டு அகலவில்லை.

வீட்டுக்காரர் மனோகரன், அரசு அதிகாரி. மாநிலம் முழுக்க ஏரிக்கரைகளில் சைக்கிள் பாதை போடுவதற்கான கோப்பு அவர் மேஜையில்தான் தூங்குகிறது. அரசாங்கக் கோப்புக்கு வருகிற தூக்கம் கைக்குழந்தைக்குக்கூட வராது.

டேனி ஆவடி சைக்கிள் கிளப்பின் செயலாளர். ஊருக்கு ஊர் இருக்கும் இப்படிப்பட்ட கிளப்புகள் சேர்ந்து நடத்தும் மாநிலக் கூட்டமைப்பு, பாதைக்கு நிதியும் கிளப்புகளுக்கு உதவியும் கேட்டு மனு மேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மனுவோடும் ஒரு பொன்னாடை. பொன்னாடைகள் மனோகரனோடு வீட்டுக்குப் போயின. மனுக்கள் ஆபீசிலேயே தங்கிவிட்டன.

போன வாரம் டேனி நேரில் போய்க் கேட்டபோது மனோகரன் கொட்டாவி விட்டார். "சைக்கிள்ல யாருங்க இப்பல்லாம் போறாங்க? மெதுவா பார்க்கலாம்."

டேனி விருட்டென்று எழுந்து வெளியே வந்தான். ஏரிக்கரையில் ஒழுங்காக ஒரு பாதை இருந்திருந்தால் அவன் நண்பன் பிராங்க் மெயின் ரோட்டுக்கு வந்திருக்கவே மாட்டான். தண்ணீர் லாரி அவனைத் தட்டிவிட்டிருக்காது. முழங்காலில் தகடு வைத்துக்கொண்டு பிராங்க் இப்போது கைத்தடியோடு நடக்கிறான். கிளப்பில் பாதிப் பேரை வீட்டில் சைக்கிளைத் தொடவே விடுவதில்லை. இன்னொருவன் அடிபட்டால் கிளப்பை இழுத்து மூட வேண்டியதுதான்.

அன்று மாலை பிராங்க் வீட்டில் மூன்று பேர் கூடினார்கள். மூன்றாவது ஆள் பிராங்கின் தங்கை ரெனிதா.

"அந்தாளுக்கு உசுரே பொண்ணுதான் மச்சான்," என்றான் டேனி. "ஏழாவது படிக்குது. பேரு எழிலரசி. அங்க கை வெச்சாத்தான் இங்க கையெழுத்து வரும்."

பிராங்க் முகம் வெளுத்தது. "இன்னாடா பேசுற? சின்னப் பொண்ணுடா. அதுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்ச்சின்னா?"

"ஒரு கீறல் உழாது. நம்ம பசங்க ரெண்டு பேரு அது பக்கத்துலயே இருப்பாங்க. அப்பங்காரன் பதறணும், அவ்ளோதான்."

ரெனிதா காரியத்தில் கண்ணாக இருந்தாள். "எவ்ளோ ஒசரம் இருப்பா?"

"கேட்டு தாப்பா ஒசரம் கீது. நாலரை அடி வரும்."

"அப்ப நம்ம கிளப்பு லோகேஷோட வேன்லயே படுக்க வெச்சிரலாம்."

"பெல் அடிக்கப் போறது நீதான். பொம்பளை போனா சந்தேகப்பட மாட்டாங்க. பொண்ண வெளிய கூட்டிகினு வா, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

"பொய் சொல்லித்தான கூப்பிடப் போறீங்க? மாட்டுனா போலீஸ் கேஸு ஆவும்டா," என்றான் பிராங்க்.

டேனி அவனுடைய கைத்தடியைப் பார்த்தான். "ஆனா ஆவட்டும்."

சனிக்கிழமை மனோகரனின் கார் கிளம்பிப் போனதும் வேன் தெருவுக்குள் நுழைந்தது. வீட்டுக்குள் டி.வி. சீரியல் அலறிக்கொண்டிருந்தது. ரெனிதா பெல்லை அடித்தாள். வந்தது எழிலரசியேதான். ரெனிதா குனிந்து, முன்பே பேசி வைத்திருந்த பொய்யைச் சொன்னாள். பெண்ணின் கண்கள் அகல விரிந்தன. ரெனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேன் வரை வந்தாள்.

டேனி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தான். உள்ளே பார்த்ததும் வீல் என்று அலறினாள் எழிலரசி.

சத்தம் கேட்டு மனோகரனின் மனைவி மங்களம் வாசலுக்கு ஓடி வருவதற்குள் வேன் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் டேனியால் கண்ணை மூடி ஜெபிக்க முடியவில்லை. யாருடைய செல்போன் சிணுங்கினாலும் திடுக்கிட்டான். செய்தது பாவமா புண்ணியமா என்று அவனுக்கே சரியாகப் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை மனோகரன் பேயறைந்த முகத்தோடு ஆபீசுக்குள் நுழைந்தார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஏரிக்கரைக் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் காலையில் கூட்டமைப்பின் தலைவர் சுப்பராயன் டேனிக்குப் போன் செய்தார். "கையெழுத்தாயிடுச்சு தம்பி! பாதைக்கு நிதி, கிளப்புக்கு உதவி, கேட்டதெல்லாம்! நின்னுக்கிட்டே போட்டாராம். வேலைய உடனே ஆரம்பிங்கன்னு அவரே தலைகீழா நிக்கிறாரு. என்னப்பா செஞ்சீங்க?"

"நாங்க இன்னா ஐயா செஞ்சோம்? எல்லாம் உங்க மனுவாலதான்," என்று டேனி போனை வைத்தான்.

பக்கத்திலிருந்த பிராங்க் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "அந்தப் பொண்ணு எப்டிடா கீது?"

"சூப்பரா கீது. பசங்க கூடவே கீறாங்க."

அதே நேரத்தில் மெயின் ரோடான சி.டி.எச். சாலையில், ஊரிலேயே இல்லாத ஒரு கடையின் குலுக்கலில் முதல் பரிசாகக் கிடைத்த புதுச் சைக்கிளை விட்டு இறங்கவே மாட்டேன் என்று எழிலரசி பள்ளிக்கூடத்துக்கு மிதித்துக்கொண்டு போக, கிளப் பையன்கள் இரண்டு பேர் இரு பக்கமும் சைக்கிளில் வர, பஸ்ஸையும் லாரியையும் இரண்டு கையாலும் மறித்தபடி, மூச்சிரைக்க அவள் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார் மனோகரன்.