தரையில் விழுந்தது

பூசையில் நாக்கில் வாங்கும் நற்கருணை அப்பத்தைக் கையிலும் வாங்கலாம் என்று மறைமாவட்ட இதழில் எழுதிய பங்குச்சாமியார் வளனை, தன் சிறு பத்திரிகையில் மாதாமாதம் கிழித்துத் தொங்கவிட்டார் தஸ்நேவிஸ். கடைசி இதழில், அந்த ஆள் பூசையில் தருவது இயேசுவின் உடல் அல்ல, வெறும் கோதுமை அப்பம்தான் என்றே அச்சடித்துவிட்டார்.

இன்று மகள் ஜெனோவா முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாள். மனைவியின் பிடிவாதத்துக்காக வந்தவர், முதல் பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஜெனோவா கையை நீட்டினாள். அப்பம் நழுவித் தரையில் விழுந்தது. அடுத்து நின்ற சிறுமி காலை எடுத்து வைக்கப் போனாள்.

"ஏ பிள்ள, மிதிச்சிராத!"

பாய்ந்து விழுந்த தஸ்நேவிஸ் இரண்டு கைகளாலும் அதைச் சுற்றி அணை கட்டினார். தொடவில்லை. குருப்பட்டம் பெறாத கை அதைத் தொடக்கூடாது என்று இருபது வருடமாக எழுதி வருபவர்.

"சாமி, சீக்கிரம் எடுங்க."

வளன் சாமியார் எதிரே மண்டியிட்டார். தாழ்ந்த குரலில் கேட்டார்:

"எதை எடுக்கச் சொல்லுதீய, அண்ணாச்சி?"

அந்தக் கடைசி இதழை மடித்து ஸ்டாம்பு ஒட்டியவள் ஜெனோவாதான். அவளும் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.