மண்ணாசை

பத்து நாளாக இழுத்துக்கொண்டு கிடந்தார் சுருளியாண்டி.

“மண்ணாசைதேன் உசுரப் பிடிச்சு வச்சிருக்கு. வயக்காட்டு மண்ணக் கரைச்சுக் கொண்டா, பாண்டீஸ்வரி. அண்ணன் நிம்மதியாப் போகட்டும். நீயும் எத்தன நாளைக்குப் பீ மூத்திரம் அள்ளுவ?” என்றாள் அவர் தங்கை ஜக்கம்மா.

தூக்கம் கெட்ட கண்களோடு மருமகள் போய், செம்மண் நிறத்தில் ஒரு டம்ளர் கரைத்து வந்தாள். ஜக்கம்மா அழுதுகொண்டே அவர் வாயில் ஊற்றினாள். மூன்று மடக்கு இறங்கியது.

“சாயங்காலந் தாங்காது. பந்தல்காரங்கிட்டச் சொல்லிட்டு வாறேன்.”

அவள் போனதும் பாண்டீஸ்வரி கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலோரம் சாய்ந்தாள்.

“காப்பிக்கு இனிப்புப் பத்துச்சா, மாமா?”

கிழவர் ஒரு கண்ணைத் திறந்தார்.

“பத்துச்சு, ஆத்தா. நாளைக்கும் ஊத்துவாளா?”

“ஊத்துவாக.”

“அப்ப ஏலக்கா தட்டிப் போடு.”