முப்பத்தேழு ஜோடிச் செருப்பு

விடுதிக்காரர்கள் மத்தியில் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர். நகராட்சியில் பயணி வரி ஆய்வாளர். விடுதியில் யார் தங்கினாலும் அன்றைக்கே பெயர், ஊர், அடையாள அட்டை எண் எல்லாம் பதிவேட்டில் ஏறவேண்டும். தலைக்கு இவ்வளவு என்று தினமும் வரி கட்டவேண்டும். எழுதாமல் மறைத்த ஆளைப் பிடிப்பதுதான் மோப்பத்தின் வேலை. கட்டிலுக்கு அடியிலிருந்தும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்தும் எத்தனையோ பேரை வெளியே இழுத்திருக்கிறார். ஒருமுறை துணி அலமாரிக்குள், கோட்டோடு கோட்டாக நின்றிருந்த ஒரு வக்கீலை.

இருபது வருஷத்தில் அவர் கண்டுபிடித்த சூத்திரம் ஒன்றே ஒன்றுதான். பதிவேட்டில் பத்து என்றால், உள்ளே பதினைந்து.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த மூன்று மாடி விடுதி விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும், அவர் கட்டடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. நாற்காலியை விட்டு அசையாமல் அதன் வரிக் கோப்பைப் புரட்டினார். ஒரு வருஷமாக ஒருநாள்கூட இருபது பேருக்குக் குறையவில்லை. அப்படியானால் முப்பது! மனக்கணக்கே இனித்தது.

தன் பெயரில் வாங்கினால் மேலிடத்தில் குடைவார்கள். ஆகவே மச்சானை முன்னால் விட்டு விலை பேசினார். போய்ப் பார்த்துவிட்டு வந்த மச்சானுக்கு வாயெல்லாம் பல்.

"கீழ ஒரு ரூம்தான் காமிச்சாங்க அத்தான். மத்ததுல எல்லாம் ஆளு!"

வீடு அடமானத்துக்குப் போயிற்று. மனைவியின் கழுத்து காலியாயிற்று. அப்படியும் கேட்ட விலையில் பத்தில் ஒரு பங்கு துண்டு விழுந்தது. அதைக் குறைக்க வைக்கவேண்டும். குறையாவிட்டால் கொடுத்த முன்பணமும் போய்விடும்.

காலை ஒன்பது மணிக்கு, அலுவலக அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி மோப்பம் விடுதிக்குள் நுழைந்தார்.

விடுதிக்காரர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அவர் மனைவி ஓடிப்போய் மாடிப்படியை மறித்து நின்றாள்.

"பதிவேடு."

இருபத்திரண்டு பெயர்கள். முத்து முத்தான கையெழுத்து.

"மேல எத்தனை பேரு?"

"அதான் எழுதியிருக்கே சார்."

மோப்பத்தின் கண் படிக்கட்டு ஓரத்துக்குப் போயிற்று. செருப்பும் ஷூவுமாக ஒரு வரிசை. உதட்டை அசைக்காமல் எண்ணினார்.

"இருபத்திரண்டு பேருக்கு முப்பத்தேழு ஜோடியா? மேல என்ன, பூரானா குடியிருக்கு?"

"சில பேரு ரெண்டு ஜோடி கொண்டு வருவாங்க சார்..." விடுதிக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நகருங்கம்மா, நானே பார்த்துக்கறேன்."

"ஐயையோ, வேணாங்கய்யா! பொம்பளைங்க குளிச்சுக்கிட்டு இருக்காங்க!"

மேலே குழாய் கொட்டும் சத்தம் கேட்கத்தான் செய்தது.

மோப்பம் ஒரு கணம் யோசித்தார். போனால் பிடித்துவிடலாம். பிடித்தால் எழுதவேண்டும். எழுதினால் கட்டடத்துக்குச் சீல். சீல் வைத்த கட்டடத்தை மச்சான் எப்படி வாங்குவது? பயம் காட்டினால் போதும்.

"பதினஞ்சு பேரை முழுங்கியிருக்கே. நாளைக்குக் காலைல சீல்."

"விக்கப்போற நேரத்துல கழுத்தை அறுக்காதீங்க சார்! பிள்ளைகிட்ட போய்ச் சேரலாம்னு இருக்கோம்."

மோப்பம் மச்சானிடம் சொல்லிவைத்த நேரத்துக்கு விடுதிக்காரரின் செல்போன் அடித்தது.

"சொல்லுங்க தம்பி... பத்துல ஒரு பங்கு குறைக்கணுமா? பேசின விலைன்னு ஒண்ணு இருக்குல்ல?... இன்னிக்கே பதிவா?" அவர் மோப்பத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். குரல் உள்ளே போயிற்று. "சரிங்க. குறைச்சுக்கறேன்."

மோப்பம் பதிவேட்டை மூடி, அன்போடு தட்டிக் கொடுத்தார்.

"வித்துட்டுப் போற ஆளு மேல எனக்கென்ன விரோதம்? மத்தியானத்துக்குள்ள முடிச்சுடுங்க. நான் இந்தப் பக்கமே வரலை."

"நீங்க நல்லா இருக்கணுங்கய்யா. எங்க காலம் உள்ளவரைக்கும் மறக்க மாட்டோம்," என்று அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஒரு மணிக்குப் பத்திரம் பதிவாயிற்று. பணம் கை மாறியது. புருஷனும் பெண்டாட்டியும் பதிவு அலுவலக வாசலிலேயே டாக்ஸி பிடித்துப் போய்விட்டார்கள். மச்சான் சாவிக்கொத்தை நீட்ட, மோப்பம் மாப்பிள்ளை நடையில் மாடி ஏறினார்.

முதல் அறையில் கட்டில் இல்லை. இரண்டாவதில் கட்டில் இருந்தது, மெத்தை இல்லை. மூன்றாவது அறைக் கதவு அடம்பிடித்தது. தோளால் இடித்ததும் நிலையோடு பெயர்ந்து உள்ளே விழுந்தது.

"எங்க அத்தான் எல்லாரும்?" என்றான் மச்சான்.

மோப்பம் மூன்று மாடியும் ஏறி இறங்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். ஆளை மறைத்தால் என்ன தண்டனை என்று அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆளைக் கூட்டி எழுதினால் என்ன தண்டனை என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. அப்படியே இருந்தாலும் புகாரில் யார் பெயரில் கையெழுத்துப் போடுவது?

ஒரு வருஷமாக அங்கே குடியிருந்தது விடுதிக்காரரும் அவர் மனைவியும் மட்டும்தான். பதிவேட்டில் இருந்தவர்கள் ஒருநாளும் வந்து தங்கியதே இல்லை, வரியை மட்டும் தவறாமல் கட்டிக்கொண்டிருந்தார்கள்.