மாமியின் பாதி

"டக்."

கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "டக்."

இஷா தொழுது முடிந்து வீடு அடங்குகிற நேரம். ஒரு கிழமையாகக் குசினியில், அடுப்படிப் பக்கம், இந்தச் சத்தம். முதல் 'டக்' எனக்குத் தெரியும். என் நித்திரைக் குளிசையை மாமி பாக்குவெட்டியில் வைத்துப் பாதியாக்குகிறார். இரண்டாவது 'டக்' எதற்கு?

மகள் அம்ஹா பிறந்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. யாரோ சொன்னார்கள் என்று பாமசியில் குளிசை வாங்கினேன். ஒன்று, இரண்டாகி மூன்றானது. ஒருநாள் கணவர் வேலைக்குப் போயிருந்த நேரம், பிள்ளை தொண்டை கட்டும்வரை கத்தியும் நான் எழும்பவில்லை. அக்கம்பக்கத்தார் அறைக் கதவை உடைத்துத்தான் பிள்ளையைத் தூக்கினார்கள்.

அன்று பின்னேரமே மாமி பையோடு வந்திறங்கினார். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்திருப்பார்; அவருடைய உம்மா வந்து தங்குவதில்லை. "மகனையும் பேத்தியையும் கூட்டிப் போகத்தான் வந்திரிக்கா" என்று தெருவெல்லாம் கதை. எனக்கும் அந்தப் பயம்தான்.

கதவைத் திருத்தியபோது தாழ்ப்பாளை மட்டும் போடவிடவில்லை மாமி. அடுத்த நாளே கிளினிக்குக் கூட்டிப்போனார். ஒரேயடியாக நிறுத்தினால் ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்றார் டொக்டர். குளிசை முழுவதும் மாமியின் கைக்குப் போனது. ஏச்சும் தொடங்கியது.

"கொன்வென்ட்டில படிச்ச புள்ள. என்ன குளிசையெண்டு வாசிச்சுப் பாக்காமலா விழுங்கின?"

அன்றிரவு மெல்லக் குசினியை எட்டிப் பார்த்தேன். எனக்குரிய பாதியைத் தட்டில் வைத்தார் மாமி. இன்னொரு குளிசையை எடுத்தார். டக். அதன் பாதியைத் தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

நல்ல கதை. என்னைத் திருத்த வந்தவர் என் குளிசையைக் களவெடுக்கிறார்.

அடுத்த கிளினிக்கில் நேர்ஸ் யசோதினியிடம் முந்திக்கொண்டேன்.

"மிஸ், என்ட குளிசை குறையுது. ஒருக்கா எண்ணிப் பாருங்க."

எண்ணினார். ஒன்றும் குறையவில்லை.

மாமி என்னைப் பார்க்காமலே பைக்குள் கைவிட்டு, இன்னொரு கிளினிக் காட் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். மாமியின் பெயர்தான்: ஹாஜறா உம்மா, வயது அறுபத்திரண்டு. அதே குளிசை.

"சுனாமிக் கடல் வந்த வருஷம் துடங்கினது புள்ள. இருவது வருஷம் தாண்டிட்டு. மகனுக்குக்கூடச் சொல்லல்ல. தனிய வர வெக்கம். அண்டைக்கு நீ புள்ளயோட வெளிய நிண்ட நேரம் நானும் காட் போட்டன்."

"அப்ப எனக்கு ஏசினதெல்லாம்?"

"எனக்கும் சேத்துத்தான் ஏசின."

யசோதினி சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

அதன் பிறகு நாங்கள் கூட்டாளிகள். பாதி, காலானது. நித்திரை வராத இரவுகளில் மாமி கதவைத் தட்டுவார்.

"முழிப்பா?"

"ஓம் மாமி."

"அப்ப கரம் போட்ட எடு, காய் அடிப்பம்."

நாலு மாதமும் ஒரு ஆட்டமாவது என்னை வெல்லவிடவில்லை அந்த மனுசி.

இன்று, இனிக் குளிசை வேண்டாம் என்று டொக்டர் எங்கள் இரண்டு காட்டையும் மூடினார். பின்னேரம் வட்டலப்பம் அவித்தோம். என் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்த என் கணவர் பர்ஸான் கேட்டார்:

"உம்மா, உங்கட அறைத் தாழ்ப்பாளுக்கும் ஒருக்கா எண்ணெய் விடவா? துருப்பிடிச்சிக் கிடக்கு."

"எனக்கென்னத்துக்கு? திரும்பக் கடல் வந்தா ஓட வேணாமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கடல் வந்த நாளிலிருந்து உம்மா ஒரு இரவும் தாழ் போட்டுப் படுத்ததில்லை என்று இவர் பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார். உம்மாவிடம் சொல்லாமலே அந்தத் தாழுக்கு எண்ணெயும் விட்டிருந்தார்.

இதை எழுதும்போது அம்ஹா என் பக்கத்தில் நல்ல நித்திரை. எனக்கும் கண் சொக்குகிறது. மாமியின் அறையில் லைட் அணைந்துவிட்டது. கரம் போட் இன்றைக்குத் தேவைப்படாது போல.

எழும்பி என் கதவடிக்குப் போனேன். நான் தாழில் கை வைக்கும் முன்னமே, மாமியின் அறைக்குள்ளிருந்து தாழ் விழுந்தது.

"டக்."